அத்திபெலே கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் கைகொடுக்கும். ஆனால் எந்த லினக்ஸ் என்று கேட்டால், பலரும் அழகையும் வேகத்தையும்தான் ஒப்பிடுகிறார்கள். புதியவருக்கு அவை இரண்டாம்பட்சம். எங்காவது சிக்கிக்கொண்டால் விடை சுலபமாகக் கிடைக்க வேண்டும், அன்றாட வேலை நிற்கக் கூடாது. இந்த அளவுகோலில் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு முந்துகிறது. அதன் அடித்தளம் உபுண்டு 24.04, ஆகவே உபுண்டுக்காக எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இடது மூலை மெனு, கீழே பட்டை என விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக எதுவும் இல்லை. 2 ஜிபி ராமிலேயே ஏறும். ஆனால் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறும் என்பதால் 4 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிப்ட் என்ற கருவி இருக்கிறது. எடுத்துவைத்த பிரதி இருந்தால்தான் திரும்ப முடியும் என்பதால் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்க மின்ட் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் இரவு பத்து மணிக்கு வைஃபை மக்கர் செய்தால் உள்நாட்டுப் பெருமை உதவாது, அதே கோளாறைச் சந்தித்துத் தீர்த்தவர்களின் கூட்டமே உதவும். கேரளப் பள்ளிகளுக்கான கைட் அமைப்பும் உபுண்டுவைத்தான் அடித்தளமாக எடுத்தது. மொழி விஷயத்திலும் மின்ட் ஏமாற்றவில்லை. ஆனேக்கல் தாலுகா அலுவலகத்துக்குக் கன்னடத்திலும் ஓசூருக்குத் தமிழிலும் எழுத வேண்டிய கர்நாடக-தமிழ்நாடு எல்லை ஊர் அத்திபெலே. தமிழ்99, கன்னடத்தின் ககப என இரு விசைப்பலகைகளும் உள்ளேயே உள்ளன, சேர்த்துக்கொண்டால் போதும்.

கனமான ஆட்சேபம் வேறு. கணக்கு மென்பொருளான டேலி நேரடியாக ஓடாது. யூனிகோடு அல்லாத பழைய கன்னட நுடி எழுத்துருக் கோப்புகள் தொல்லை தரும். ஊரெங்கும் காணும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் செருகியதும் அச்சடிக்காது. அதன் டிரைவரை நிறுவுவது புதியவருக்குத் தலைவலி. கணக்கு எழுதுவதும் அச்சடிப்பதுமே பிழைப்பு என்றால், விண்டோஸ் உள்ள இன்னொரு கணினி இல்லாமல் மாறாதீர்கள். படிப்பு, வங்கி, யூடியூப், கடிதம் என்ற அளவில் பயன்படுத்துவோருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

எதையும் அழிப்பதற்கு முன் மின்ட்டை பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். சற்று மந்தமாகத்தான் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கும் அதில் வேலை செய்தால், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு தயங்காமல் நிறுவலாம்.