சாதா செயினா, ஓ-ரிங் செயினா? மழையிலும் மணலிலும் ஓர் ஒப்பீடு

என்ஜின் ஆயிலுக்கும் டயருக்கும் நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள்கூட, செயின் செட் மாற்றும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்ஜின் தரும் இழுவை முழுக்க பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அந்தச் செயின் வழியாகத்தான். 150 சிசி பைக் ஒன்றில் முதலில் சாதா செயின் செட், அது தேய்ந்ததும் ஓ-ரிங் செட் என இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். என் முடிவு இது: செயின் வெளியே தெரிகிற வண்டியில் தினமும் மழை, மணல், தூசியில் போகிறவர்கள் ஓ-ரிங்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். முழுக் கவர் உள்ள வண்டிக்கு நல்ல சாதா செயினே போதும்.

வாங்கும்போது

செயினின் பக்கத் தகட்டில் 428, 520 என்று ஓர் எண் பொறித்திருக்கும். முதல் இலக்கம் 4 என்றால் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 4/8 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்றால் 5/8 அங்குலம், 15.875 மி.மீ. மற்ற இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிக்கும். 520, 525, 530 மூன்றிலும் பின் இடைவெளி ஒன்றுதான், அகலம் வேறு. அதனால் ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றொன்றை மாட்டக் கூடாது. லிங்க் எண்ணிக்கையும் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

நல்ல செயினைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவையின் எல்ஜிபி ‘ரோலான்’ என்ற பெயரிலும், சென்னை முருகப்பா குழுமத்தின் டிஐடிசி ‘டயமண்ட்’ என்ற பெயரிலும் செயின் செய்கின்றன. பெயர் பெற்ற சரக்குக்குப் போலியும் இருக்கும் என்பதால், பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

ஓட்டத்தில்

சாதா செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆயில் வெளியிலிருந்துதான் நுழைய வேண்டும். மழைநீரும் மணலும் அதே வழியாகத்தான் நுழைகின்றன. ஓ-ரிங் செயினில் அந்த இடத்தில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். தேய்மானம் தொடங்குகிற இடத்துக்கே காவல் போட்டதுபோல.

இந்த வேறுபாடு மழைக்காலத்தில் நன்றாகத் தெரிந்தது. சாதா செயினை அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தது. சத்தமும் சீக்கிரம் வந்தது. ஓ-ரிங் செயின் புதிதில் ஒருமுறை இறுக்கிய பிறகு நெடுநாள் அப்படியே நின்றது. கையால் சக்கரத்தைச் சுற்றினால் ஓ-ரிங் கொஞ்சம் பிடிக்கிறது. ஓட்டும்போது இழுவையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அகலம் சற்றுக் கூடுதல் என்பதால் கவரில் உரசுகிறதா என்று மாட்டும்போதே பார்க்க வேண்டும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். மெல்லிய பிரஷ்ஷும், ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கிளீனரும்தான் சரி. உள்ளே கிரீஸ் இருந்தாலும் ரோலருக்கும் பல்லுக்கும் வெளியிலிருந்து லூப் (செயின் மசகு) அடித்தே ஆக வேண்டும்.

கோளாறைக் கண்டுபிடிக்க

செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோமே, தகடு எதுவும் நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு லிங்க்கிலும் சேரும் சிறு இடைவெளிதான் மொத்த நீளமாகத் தெரிகிறது. 428 செயினை இறுக்கிப் பிடித்து 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்தால் புதிதில் 254 மி.மீ. இருக்கும். அது 259ஐத் தொட்டால் இரண்டு சதவீதத் தேய்மானம், செயின் முடிந்தது. இதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

செயின் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்குகிறதா? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகும் இடத்தில் செயினிலும் பின் ஸ்பிராக்கெட்டிலும் சாக்பீஸால் குறியிடுங்கள். செயினின் குறி அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதெல்லாம் இறுகினால் குறை செயினில்; ஸ்பிராக்கெட்டின் குறி வரும்போதெல்லாம் இறுகினால் ஸ்பிராக்கெட்டிலோ ஹப்பிலோ. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. தேவையில்லாமல் முழு செட்டும் மாற்றுவதைத் தவிர்க்கலாம்.

உள் தகடுகளின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக இல்லை. இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளையும் சமமாக வையுங்கள். பற்கள் கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிராக்கெட்டின் ஆயுள் முடிந்தது. செயினும் பல்லும் நன்றாக இருந்தும் ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போது வண்டி குலுங்கினால், ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள். செயின்மேல் விழும் பழி பல நேரம் அந்த ரப்பருக்கு உரியது.

தொய்வு இருக்கிறதே என்று விறைப்பாக இறுக்குவது ஆபத்து. ஆள் ஏறி உட்கார்ந்ததும் பெரும்பாலான வண்டிகளில் செயின் இன்னும் இறுகும்; கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்தான் அடி வாங்கும். இறுக்கமான இடத்தை வைத்து, கையேட்டில் சொன்ன தொய்வை விடுங்கள்.

பல் எண்ணிக்கையை மாற்றலாமா?

முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் ஒரு பல் குறைத்து 13 ஆக்கினால் 3.23. பின்னால் மூன்று பல் கூட்டி 45 ஆக்கினால் 3.21. இரண்டிலும் ஏற்றத்தில் இழுவை கூடும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு என்ஜின் அதிகம் சுற்றும். முன் ஸ்பிராக்கெட் சிறிதானால் செயின் அதிகம் மடங்கி, விரைவாகத் தேயும். மலைப்பாதையிலேயே ஓடுகிற வண்டி தவிர மற்றவற்றுக்கு நிறுவனம் வைத்த கணக்கை மாற்றாதீர்கள்.

பராமரிப்பு

ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்க ஓட்டத்தின் உட்புறம் லூப் அடித்து, ஊற விடுங்கள். மழையில் நனைந்தால் அன்றே அடியுங்கள். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். அதிலிருக்கும் அழுக்கும் உலோகத் துகளும் செயினுக்குள் போகும். இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன்: என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயினைத் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் பற்களுக்குள் போய்விடும்.

தீர்ப்பு

ஓ-ரிங் செட் விலை கூட. ஆனால் இறுக்கும் வேலையும் சத்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். திறந்த செயின் வண்டிக்கு என் தேர்வு அதுதான். வாரம் தவறாமல் ஆயில் போடும் பழக்கம் உள்ளவர், முழுக் கவர் வண்டிக்காரர் இருவருக்கும் சாதா செட்டில் நஷ்டம் எதுவும் இல்லை. எதை வாங்கினாலும் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் ஏறிய புதுச் செயின், போட்ட பணத்துக்கு ஓடாது.