சாட்சிக் கூண்டுக்கு வராத குரல்

1997 டிசம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, 'லா அண்ட் ஆர்டர்' தொடரின் எட்டாம் பருவத்தில் 'ரிச்சுவல்' என்ற அத்தியாயத்தை ஒளிபரப்பியது. நியூயார்க்கில் எகிப்தியர் ஒருவர் கொல்லப்படுகிறார். துப்புத் துலக்கினால், ஒரு சிறுமிக்கு நடக்கவிருந்த பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்கைத் தடுக்கவே அந்தக் கொலை நடந்தது என்று தெரியவருகிறது. முதல் பாதி போலீஸ், மறுபாதி நீதிமன்றம் என்று 1990இல் டிக் வுல்ஃப் வகுத்த வாய்பாட்டுக்கு இதைவிடப் பொருந்தும் கதை கிடையாது. சட்டம் ஒரு மேசையில், மரபு எதிர் மேசையில்.

அந்த இரு மேசை அமைப்பில்தான் எனக்குச் சிக்கல். குற்றத் தொடர்கள் மரபை ஒரே வாய் கொண்ட கட்சிக்காரராக்கிவிடுகின்றன. நிஜத்தில் மரபு என்பது ஒரு வீடு. அதற்குள் ஓயாத சண்டை நடக்கிறது. 'ரிச்சுவல்' வெளியான அதே மாதம் 28ஆம் தேதி, எகிப்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் இந்தச் சடங்குக்கு எதிரான அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1996இல் சுகாதார அமைச்சர் போட்ட தடையை மதத் தரப்பினர் வழக்காடி, 1997 ஜூனில் கீழ் நீதிமன்றத்தில் உடைத்திருந்தார்கள். அதை மேல் நீதிமன்றம் மீட்டது. அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே, 1972இல், மருத்துவர் நவால் எல் சாதாவி இதைப் பற்றி வெளிப்படையாக எழுதி அரசுப் பதவியை இழந்திருந்தார். ஆறு வயதில் அந்தக் கத்தியை அனுபவித்தவர் அவர். நியூயார்க் நீதிமன்றத்தில் கலாச்சாரம் என்று பேசப்பட்டதன் மிகக் கடுமையான எதிரி அந்தக் கலாச்சாரத்தின் மகள்தான். இந்த உண்மைக்கு அந்த அத்தியாயத்தில் இடமில்லை.

மரபை எதிர் மேசையில் நிறுத்தும் அமெரிக்கத் தொடர்களின் பதற்றத்துக்கும் காரணம் இருந்தது. புருக்ளினில் 1989இல் ஒரு வழக்கு முடிந்தது. சீனாவிலிருந்து குடியேறிய ஒருவர் தன் மனைவியைச் சுத்தியலால் அடித்துக் கொன்றிருந்தார். மனைவியின் துரோகம் சீன ஆணை எப்படிக் குலைக்கும் என்று மானிடவியலாளர் ஒருவர் சாட்சி சொன்னார். நீதிபதி விதித்தது ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை. கொதித்தெழுந்தவர்களில் ஆசிய அமெரிக்கப் பெண்கள் அமைப்புகளும் இருந்தன. செத்தவளும் சீனாவில் பிறந்தவள்தானே? அவளுடைய கலாச்சாரம் எது என்று ஏன் யாரும் கேட்கவில்லை? 'கலாச்சாரத் தற்காப்பு' என்ற வாதத்தை அளக்க இந்தக் கேள்வியைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை.

ஆனால் மரபு எங்கும் கொலைகாரன் பக்கமே நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் 2007இல் தொடங்கிய 'தி சர்க்கிட்' தொடரில், நகரத்துப் பழங்குடி வழக்கறிஞர் ஒருவர் கிம்பர்லிப் பகுதிக்குப் போகிறார். ஊர் ஊராகப் பயணிக்கும் நீதிமன்றம் அது. அங்கே பின்னால் வந்தது வெள்ளையர் சட்டம். மண்ணின் வழக்கமோ அதற்கு மூத்த சட்டம். அதே 2007இல், பக்கத்திலிருக்கும் வடக்குப் பிரதேசத்தில் ஜாமீனுக்கும் தண்டனைக்கும் பழங்குடி வழக்கத்தை நீதிபதிகள் கணக்கில் எடுப்பதைக் கான்பெரா சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. அந்த வழக்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்று அந்நாட்டின் சட்டச் சீர்திருத்த ஆணையமே 1986இல் அறிக்கை தந்திருந்தது. சட்டம் என்றால் நியாயம் என்று எண்ணிப் பழகிய பார்வையாளரை இந்தத் தொடர் நிம்மதியாக உட்காரவிடாது. அதனாலேயே இதை உயர்வாக மதிக்கிறேன்.

பிரிட்டனின் ஐடிவி 2020இல் வெளியிட்ட இரண்டு பகுதித் தொடர் 'ஹானர்', அதாவது கௌரவம். தமிழில் நாமும் ஒரு காலம் 'கௌரவக் கொலை' என்றுதான் எழுதினோம். பிறகு 'ஆணவக் கொலை' என்று திருத்திக்கொண்டோம். அந்த ஒரு சொல் மாற்றத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. தென் லண்டனில் 2006 ஜனவரியில் கொல்லப்பட்ட 20 வயது குர்தியப் பெண் பனாஸ் மஹ்மூதின் வழக்குதான் இந்தத் தொடரின் கதை. தந்தையும் சித்தப்பாவும் 2007இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அந்த வீட்டிலேயே பிறந்த அக்கா கூண்டேறித் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மரபை எதிர்த்த முதல் குரல் சட்டத்தரணியுடையதல்ல, அவருடையது. தொடரோ கீலி ஹாஸ் நடித்த புலனாய்வு அதிகாரியின் உறுதியைச் சுற்றியே நகர்கிறது. உழைப்பு நேர்மையானதுதான். ஆனாலும் பனாஸ் அங்கே பெரும்பாலும் தேடப்படும் ஓர் உடல்.

அவருடைய குரல் கேட்க வேண்டுமென்றால் தீயா கானின் 2012 ஆவணப்படத்துக்குப் போக வேண்டும். பனாஸ் ஐந்து முறை காவல்துறையை நாடியிருந்தார். தன்னைக் கொல்லக்கூடியவர்களின் பெயர்களை எழுதியும் கொடுத்தார். 2005இல் பதிவான வாக்குமூலத்தின் காணொளி அந்தப் படத்தில் இருக்கிறது. சின்ன அறை, மெல்லிய குரல், தடுமாறாத சொற்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு எதிரே இருக்கும் காவலரிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: சொல்லிவிட்டேன், இனி எனக்காக உங்களால் என்ன செய்ய முடியும்?