‘தானாகத் திறக்கும்’ – ஒரு மாதிரிக் கட்டுரையின் குறை



மற்றவர் எழுதியதைக் குறை சொல்வது சுலபம். அதனால் இந்த முறை நான் எழுதிய மாதிரிக் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன். படிவம் நான்கு மாணவர்களுக்கு ‘நீர் ராக்கெட் செய்யும் முறை’ என்று ஒரு விளக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். அதில் ஒரு வாக்கியம்: ‘ராக்கெட் உச்சியை அடைந்ததும் வான்குடை தானாகத் திறக்கும்.’

வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் மாணவர்கள் அதை நம்பி, ஒன்றரை லிட்டர் நெகிழிப் புட்டியில் ராக்கெட் செய்து திடலில் ஏவினார்கள். முதல் முறை மூக்குக் கூம்பு கழலவே இல்லை. ராக்கெட் மண்ணில் குத்தியது. கூம்பைத் தளர்த்தினார்கள். இரண்டாம் முறை கிளம்பிய வேகத்திலேயே கழன்று, வான்குடை கிழிந்தது. மூன்றாம் முறை கூம்பு சரியாகக் கழன்றது, ஆனால் வான்குடை மடிப்புப் பிரியாமல் பொட்டலம் மாதிரி விழுந்தது. ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், நீங்கதானே தானா திறக்கும்னு எழுதியிருக்கீங்க?”

என்னிடம் பதில் இல்லை.

குறை எங்கே? ‘திறக்கும்’ என்ற வினைக்கு வான்குடையே எழுவாய். அதைத் திறக்க வைப்பது எது, எப்போது, எப்படி? மூன்றும் வாக்கியத்தில் இல்லை. இல்லாததை ‘தானாக’ என்ற சொல் மூடிவிட்டது.

உண்மையில் நடப்பது இதுதான். நீர் பீய்ச்சியடிக்கும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கூம்பு புட்டியோடு அழுந்தி நிற்கும். நீர் தீர்ந்த பிறகு எதிர்க்காற்று அதை அழுத்திப் பிடிக்கும். வேகம் நன்றாகக் குறைந்தால்தான் அந்தப் பிடி விடும். ராக்கெட் வளைந்து பறந்தாலோ உச்சியிலும் பக்கவாட்டு வேகம் இருக்கும், கூம்பு கழலாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய 2 நொடிதான். காற்றுத் தடையைச் சேர்க்காமல் கணக்கிட்டால், தரையைத் தொடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த 2 நொடிக்குள் துணி வெளியே வந்து காற்று நிரம்ப வேண்டும். இதெல்லாம் ‘தானாக’ நடக்குமா?

அந்த ஒரு வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதினேன்:

‘வான்குடையைப் பக்கவாட்டு அறையில் வைத்து, கதவை ரப்பர் வளையத்தால் மூடுங்கள். ராக்கெட் கிளம்பும்போது ஏவுதளத்தில் கட்டிய நூல், சாவி கொடுத்த பொம்மை இயந்திரத்தின் தடுப்பை இழுத்துவிடும். குறித்த நேரத்தில் இயந்திரம் வளையத்தை விடுவிக்கும். உள்ளே வளைத்து வைத்த நெகிழித் துண்டு விரிந்து வான்குடையை வெளியே தள்ளும். மடிப்புகள் ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவுங்கள். கயிற்றை இறுக்கிச் சுற்றாதீர்கள். ஏவுமுன் தரையிலேயே பத்து முறை திறந்து பாருங்கள்.’

அழகு குறைந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வினையையும் செய்வது யார், எது என்று தெரிகிறது. எங்கே பழுது என்று தேடவும் முடிகிறது. உச்சியை அடையும் நேரத்தை மாணவர்களே கைப்பேசியில் படம் பிடித்து எண்ணினார்கள். பிறகு ஐந்து முறை ஏவியதில் நான்கு முறை வான்குடை விரிந்தது. ஐந்தாவது முறை கயிறு வால் இறக்கையில் சிக்கியது. கயிற்றை எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று நான் எழுதவில்லை!

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, உங்கள் விளக்கக் கட்டுரையில் ‘தானாக’, ‘எளிதாக’, ‘உடனே’ என்ற சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எது? எப்போது? எப்படி?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால், அந்தப் பகுதி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். ஆசிரியர்களே, நாம் கொடுக்கும் மாதிரிக் கட்டுரையையும் ஒருமுறை இப்படிச் சோதித்துவிட்டுக் கொடுப்போமே.