வசனம் வரலாறாகுமா?

பொருநைக் கரையில் பாடம் நடத்துகிறோம் நாம். கட்டபொம்மன் யாரென்று கேட்டால் மாணவன் வரலாறு கூறுவதில்லை, வசனம் முழங்குகிறான்! அது 1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி தீட்டியது. சிவாஜி கணேசனின் சிம்மக்குரலில் ஒலித்தது.

1960-இல் கெய்ரோ விழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தது. தகும்! விழி பேசிற்று; நடை பேசிற்று. 'சிவாஜி' என்னும் பெயரைப் பெரியாரிடம் பெற்றவர், 'பராசக்தி'யில் (1952) பகுத்தறிவு முழங்கியவர் அன்றோ அவர்!

ஆயினும், நடிப்பின் வெற்றி வரலாற்றுக்குச் சான்றாகுமா? 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரனின் வாழ்வு வேறு; திரையின் இடிமுழக்கம் வேறு. கேட்டதையெல்லாம் மெய்யென நம்புவது புராணம் வளர்த்த பழைய நோய். கொட்டகையிலும் அது தொடரலாமா?

தோழர்களே, கலைஞனுக்குக் கைதட்டுங்கள். பிறகு ஏட்டையும் புரட்டுங்கள்!