குலக்கடனும் தோழமையும்: டிராகன் கதைத்தொடர் ஒன்றனைப் பற்றிய ஆய்வு

கடமைகள் இரண்டு ஒன்றோடொன்று முரணுமிடத்து உள்ளம் எதனைச் சாரும் என்னும் வினா பேரிலக்கியங்கட்கே உரியதென்று கருதுவோர் உளர். சிறுவர்க்கென எழுந்த கதைத்தொடர் ஒன்றும் அவ்வினாவை நேர்நின்று எழுப்பியுள்ளமையைக் காட்டுதலும், அது தரும் விடை எத்துணை வலியுடையது என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தொடர், அமெரிக்க எழுத்தாளர் டூயி டி. சதர்லாண்டு ஆங்கிலத்தில் இயற்றிய ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ என்பது. அப்துல் கலாமின் தன்வரலாற்று நூலும் ஆங்கிலத்தில் இப்பெயரே பெற்றதாயினும், இரண்டற்கும் தொடர்பு யாதுமின்று. 2012 முதல் 2014 வரை வெளிவந்த முதல் ஐந்து நூல்கள் ஒரு கதையாய் அமைந்தவை. அவையே ஈண்டு ஆய்வுக்குரியன.

கதைநிகழ் களம் பிர்ரியா என்னும் கற்பனைப் பெருநிலம். ஆங்கு டிராகன்கள் ஏழு குலத்தினவாய் வாழ்கின்றன. மணற்சிறகினரின் அரசி இறந்துபட, அவள் மகளிர் மூவர் அரியணைக்குப் பூசலிடுகின்றனர். பிற குலங்களுட் பல அவர்தம் பக்கம் பிரிந்து நின்று பொருகின்றன. போரை முடிப்பர் என வருவதுரைத்த மொழியொன்றை நம்பி, அமைதி நாடும் மறைகுழுவொன்று ஐந்து குஞ்சுகளை மலைக்குகையில் ஒளித்து வளர்க்கின்றது. சேற்றுக்குலத்துக் கிளே, கடற்குலத்துச் சுனாமி, மழைக்குலத்துக் குளோரி, இருட்குலத்து ஸ்டார்ஃபிளைட், மணற்குலத்துச் சன்னி என்போர் அவர். நூலுக்கு ஒருவராக ஐவர் நோக்கிலும் கதை செல்கின்றது. ஆதலின், ஒரே நட்பு ஐந்து குலங்களின் பக்கம் நின்று உரசிப் பார்க்கப்பெறுகின்றது. இவ்வமைப்பே தொடரின் முதற் சிறப்பு என்க.

கிளேயின் நிலை முதற்கண் நோக்கற்பாலது. முட்டையினின்று வெளிவந்த அன்றே பிற முட்டைகளைத் தாக்கிய கொடியோன் என அவன் பழிக்கப்படுகின்றான். சேற்றுக்குலத்தில் முதற்பிறந்தோன் உடன்பிறந்தார் வெளிவர ஓட்டினை உடைத்து உதவுதல் இயல்பு என்பது பின்னரே தெளிவாகின்றது. ஈன்ற தாயோ மாடுகளை விலையாகப் பெற்று அவன் முட்டையை ஈந்தவள். எனினும் உடன்பிறந்தார் அவனை அன்புடன் ஏற்க முன்வருகின்றனர். அவன் அவரை நீங்கித் தோழரிடமே மீள்கின்றான். குலப்பண்பை அவன் துறந்தானல்லன். உடன்பிறந்தாரைக் காக்கும் அப்பண்பையே பிறகுலத்தார்மேற் செலுத்தினான் என்பதே பொருந்தும்.

சுனாமியின் நிலை இன்னும் துயருடையது. வான்சிறகினரின் போட்டிக்களத்தில், நீர் மறுக்கப்பட்டு அறிவு திரிந்த கடற்குலத்தான் ஒருவனைத் தன்னுயிர் காக்க அவள் கொல்கின்றாள். அவன் தன் தந்தை என்பதைத் தாயின் அரண்மனையை அடைந்த பின்னரே உணர்கின்றாள். குலத்தை அறியாது வளர்த்தலின் கேட்டை இந்நிகழ்ச்சி காட்டுமளவு வேறொன்றும் காட்டவில்லை. தோழமையைப் போற்றும் ஆசிரியர், அது குருதியுறவின் இழப்பை ஈடுசெய்துவிடும் எனப் பொய்யுரையாமை பாராட்டற்குரியது.

கடன்முரண் முழுமையுறுவது ஸ்டார்ஃபிளைட்டின்பால். அவன் குலத்தார் எரிமலைத் தீவில் பசியால் நலிகின்றனர். மழைக்காட்டைக் கைப்பற்றவும் கருதுகின்றனர். அக்காட்டின் அரசியோ தோழி குளோரி. கம்பன் காட்டும் கும்பகருணன், அண்ணன் செயல் தீதென அறிந்தும் செஞ்சோற்றுக்கடன் கழிக்கப் போர்க்களம் புக்கான். வீடணன் அறத்தின்பாற் சென்றான். ஸ்டார்ஃபிளைட் குலத்தின் சோறுண்டு வளர்ந்தவனல்லன். ஆதலின் அவனுக்குச் செஞ்சோற்றுக்கடன் இல்லை. ஆயினும் குலத்தின் பசி அவனை வருத்துகின்றது. உண்ட கடன் இல்லாவிடத்தும் பிறப்பொன்றே கடமையை விளைக்குமோ என்பதே ஈண்டு எழும் வினா. அவன் குலத்தின் சூழ்ச்சியை எதிர்த்து நிற்பினும் குலத்தின் அழிவை விரும்பிலன். எரிமலை வெடிக்க அவன் கண்ணொளி இழக்கின்றான். எஞ்சிய இருட்குலத்தார் குளோரியைத் தம் அரசியாக ஏற்று மழைக்காட்டில் வாழ்வு பெறுகின்றனர். தோழமையைக் காத்ததனாலேயே குலமும் பிழைத்தது என ஆசிரியர் முடிக்கின்றார்.

இம்முடிவு இனியது, ஆயின் குறையற்றதன்று. இருட்குலத் தலைமை மழைக்குலத்தாரைச் சிறைப்படுத்தி வதைப்பதாகக் காட்டியமையால், எப்பக்கம் சாரவேண்டும் என்பதில் படிப்பார்க்கு ஐயமே எழுவதில்லை. குலத்தின் பக்கமும் நேர்மை ஒத்த எடையில் நின்றிருப்பின், ஸ்டார்ஃபிளைட்டின் தடுமாற்றம் அச்சத்தின் விளைவாகத் தோன்றாது அறத்தின் விளைவாகத் தோன்றியிருக்கும். கும்பகருணன் படிப்போர் நெஞ்சை உருக்குதல், அவன் தேர்ந்த பக்கம் தவறாயினும் அவன் கடன் தவறன்று என்பதனால் அன்றோ?

இக்குறையை ஒருபுடை ஈடுசெய்வது, வருவதுரைத்த மொழி இருட்குலத்தார் புனைந்த பொய் என வெளிப்படும் பகுதி. ஐவரையும் ஒன்றுகூட்டியது அம்மொழியே. அது பொய்யானபின் அவர் கூடியிருத்தற்குக் காரணம் யாது? மணற்குலத்தாய்க்கும் இருட்குலத்தந்தைக்கும் பிறந்தவள் எனத் தன்னை அறிந்த சன்னி, விதி இல்லையாயினும் போரை முடிப்பேம் எனத் துணிகின்றாள். நட்புக்குக் கூடி வாழ்தலும் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே அமையும் என்பது குறள்நெறி. இக்கதையிலோ, கூடி வாழ்தல் முதலில் பிறரால் சுமத்தப்பட்டது. உணர்ச்சி பின்னர் முளைத்தது. சுமத்திய காரணம் பொய்த்தபின்னும் அது நிலைத்தது. நட்பிற்கு இதனினும் கடுஞ்சோதனை வேறில்லை.

ஆகலின், இத்தொடர் குலத்தைத் துறக்கச் சொல்லும் நூலன்று. குலத்தின் தீச்செயலுக்கு உடன்படாமலே குலத்திற்கு நலம் செய்யலாகும் என்பதே அதன் துணிபு. அத்துணிபை நிறுவுதற்கு ஆசிரியர் எதிர்ப்பக்கத்தை எளிதாக்கிக்கொண்டது உண்மை. ஆயினும், தந்தையைக் கொன்ற சுனாமியையும் கண்ணிழந்த ஸ்டார்ஃபிளைட்டையும் நோக்குவார்க்கு, அத்துணிபு விலையின்றிக் கிட்டியதன்று என்பது விளங்கும்.