தங்கக் கோடும் தங்காத பெயிண்ட்டும்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு, நாடகத்துக்கு, ஏன், பிரியாணிக்குக்கூட எழுதுகிறோம். வீட்டு போர்ட்டிகோவில் ஒரு பழைய புல்லட்டை அக்கக்காகக் கழற்றி, பெயிண்ட் அடித்து, 'ஃபுல்லி ரெஸ்டோர்டு' என்று விற்கிறாரே ஒருவர், அவர் படைப்புக்கு மட்டும் விமர்சனம் கிடையாதா? இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கப்போவது நீங்கள்.

புல்லட் நம்மூர் சரக்கு. 1955-ல் மெட்ராஸில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலை. கறுப்பு டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை அங்கே பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். உற்றுப் பார்த்தால் வளைவுகளில் மயிரிழை தடித்து, மெலிந்து போகும். அதுதான் அழகு. நம்ம ரெஸ்டோரர் முதல் காரியமாக அதை எமரி தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்டிக்கர் கோடு ஒட்டுகிறார். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை பார்டர்கூட அப்படித்தான் இருக்கிறது.

என் முக்கியப் புகார் அதுவல்ல. பெயிண்ட் என்பது கடைசி வேலை. விற்பதற்காகச் செய்பவர்களுக்கு அதுதான் முதல் வேலை, பல சமயம் ஒரே வேலை. பி.காமில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒன்று படித்தோம்: வருஷக் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசுவது. அதேதான் இது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் செலவழித்த பணம் வெளியே தெரியாது. டேங்க் பளபளத்தால் விலை ஏறும். விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பவர் யாராம்?

ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். மட்கார்டில் ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. துருப்பிடித்து ஓட்டை விழுந்ததைப் பட்டி பார்த்து மறைத்திருக்கிறார். மட்கார்டு போனால் போகட்டும். சேசிஸில் விரிசலுக்கு வெல்டு வைத்து, மேலே தடியாகப் பெயிண்ட் பூசியிருந்தால்? பின் சீட்டில் உட்காரப்போவது உங்கள் மனைவி, சார்.

அப்புறம் ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்பியர் மீட்டர். பழைய பாயின்ட் இக்னிஷன் வண்டியில் சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் ஆடி நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, விட்டு, ஒரே உதை. இந்தச் சடங்குக்காகத்தான் பலர் புல்லட்டே வாங்குகிறார்கள். மீட்டருக்குப் புதுக் கண்ணாடி போட்டுப் பளிச்சென்று துடைத்திருக்கிறார்கள். முள் செத்துக் கிடக்கிறது. சிவப்பு லிப்ஸ்டிக் போட்ட ஊமை.

ஆர்.சி.யில் கறுப்பு, வண்டி சிவப்பு என்றால் வம்பு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றிய பிறகு பணம் கொடுங்கள்.

வீட்டிலேயே ஸ்ப்ரே அடிக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. டூ-கே பெயிண்ட்டோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். மூக்கில் கர்ச்சீப் கட்டினால் அது தடுக்காது. அதற்குப் பயந்து சாதாரண ஸ்ப்ரே டப்பாவால் அடித்தாலோ, பெட்ரோல் சிந்திய இடத்தில் பெயிண்ட் இளகி உரிகிறது. மற்ற வேலையெல்லாம் போர்ட்டிகோவில் நடக்கட்டும். பெயிண்ட்டை மட்டும் பூத் உள்ள ஷெட்டில் கொடுப்பதே உத்தமம்.

நல்ல ரெஸ்டோரர்களும் உண்டு. பழைய பெயிண்ட் தாங்கும் என்றால் பாலீஷ் மட்டும் போட்டு, கீறலோடு, கையால் இழுத்த கோட்டோடு விடுவார்கள். பெயிண்ட்டை உரித்தே ஆகவேண்டும் என்றால், வெறும் இரும்பாக நிற்கும்போது போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள். அந்த போட்டோவைக் கேளுங்கள். 'ஃபோன் மாத்திட்டேன் சார், போயிடுச்சு' என்றால், டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.