காண்டிகையுரையும் பத்தி வினாவிடையும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். பவணந்தியாரைக் கொண்டு நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன் குவளாலபுரத்துக் கங்கர் மரபினன். காண்டிகையுரைக்கு அந்நூல் கூறும் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகிய உறுப்புகள், அம்மாவட்டத்துத் தங்கவயலில் தமிழ் பயிலும் மாணவர் பத்தி படித்து எழுதும் விடைக்கும் பொருந்துவன.

'2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரை விட்டு நீங்காத பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று வருகின்றனர்' எனப் பத்தி அமைவதாகக் கொள்ளலாம். அவர்கள் ஊரை எவ்வாறு கருதினர் என்பது வினா. பத்தித் தொடரைப் பெயர்த்தெழுதுவது விடையன்று. 'ஊர்ப்பற்று மிக்கவர்' என்பதோ வெறுங் கருத்து. பிழைப்பிடம் மாறியும் இருப்பிடம் மாறவில்லை என்று கூறி, 'நீங்காத', 'சென்று வருகின்றனர்' என்பவற்றைச் சான்றாக்கி, பின்னது அன்றாடம் திரும்புதலை உணர்த்துவதை விளக்குவதே நிறைவிடை. தங்கியமைக்குக் காரணம் பற்றா, போக்கிடமின்மையா என்பதைப் பத்தி கூறவில்லை. இதனைச் சுட்டுவோர்க்கே உயர்மதிப்பெண் தகும்.

சுரங்கத் தொழிலாளர் குடும்பத்து மாணவர் அக்காரணத்தை வீட்டிலேயே அறிந்திருக்கக்கூடும். அவ்வறிவைப் பத்தியின் சொல்லோடு இணைத்தெழுதினால் ஏற்கத் தடையில்லை. மாதிரி விடைகளை மனப்பாடம் செய்விக்கும் முறை இவ்விணைப்பைப் பயிற்றுவதில்லை. திருத்துவோரும் அதனைத் தேடுவது அரிது.